கம்பிவலைக்கு அந்தப் பக்கம்

— கைய எடுண்ணே, கைய எடு! மடிய இப்படியா அமுக்குவாங்க? இது என்ன ரிக்‌ஷா ஹாரனா?

— இல்ல கிருஷ்ணம்மா, வலிக்குதான்னு பாத்தேன்.

— வலிக்குதான்னு பாத்தாராம்! பின்னங்கால அகட்டிக்கிட்டு நிக்குது. தழைய மோந்துகூடப் பாக்கல. இதுக்கு மேல சுட்டி ஒனக்கு மனு எழுதியா குடுக்கும்? தள்ளு. லைட்டப் போடு.

— பல்பு போயிருச்சு. மொபைல்ல அடிக்கிறேன், இரு.

— நல்லா இருக்கு போ. தரையெல்லாம் சொதசொதன்னு கெடக்கு. ஆட்டுக் கொட்டகைய இப்படியா வச்சிருப்பாங்க? நான் இங்க இருந்தப்ப ஒரு நாளாவது இந்தத் தரை ஈரமா இருந்துச்சா?

— மழைம்மா. கிடர்பூர் பூராவும் முழங்கால் தண்ணி. நீ எப்படி வந்த?

— மோமின்பூர் வரைக்கும் பஸ்ஸு. அப்புறம் செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு நடந்தேன். "சுட்டிக்கு மடி வீங்கிருச்சு, ஒடனே வா"ன்னு அண்ணன்காரன் போன் போட்டா வேற என்ன செய்ய? மாவு வழிக்கிறப்பவே எந்திருச்சு ஓடியாந்தேன். மெஸ்ஸுல மொதலாளி பட்டாபிராமன் சாரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. இந்தா, இந்தப் பக்கம் தொடு. மெதுவா.

— இறுக்கமா இருக்கு.

— இறுக்கந்தான், சூடு இல்ல. இது சும்மா பால் கட்டிக்கிட்டது. இப்ப அந்தப் பக்கம் தொடு.

— ஆத்தி, கொதிக்குது!

— கல்லாட்டம் இருக்கா? ஒரு பீச்சு என் உள்ளங்கையில பீச்சுறேன், வெளிச்சத்தக் கிட்டக் காட்டு. பாத்தியா? பாலா இது? திரிஞ்சு போய் கட்டி கட்டியா வருது. மடிநோய்ண்ணே. டாக்டருக்குச் சொன்னியா?

— சொல்லிட்டேன். கிளினிக் முடிச்சுட்டு நேரா வர்றேன்னாரு.

— அந்த மட்டும் புத்தி இருந்துச்சே. அவர் வர்ற வரைக்கும் இந்தக் கெட்ட பக்கத்த நான் கொஞ்சம் கொஞ்சமா பீச்சி எடுக்குறேன். ஒரு கிண்ணம் குடு, தரையில விடக் கூடாது. டாக்டர்கிட்ட காட்டிட்டுத் தூரக் கொண்டுபோய் கொட்டணும். அட, நில்லுடி சுட்டி! நான்தான், நான்தான். ஏண்டி ஒடம்பெல்லாம் ஒதறுது ஒனக்கு? இது என்ன வாசனை? வேப்பெண்ணெயா?

— விஜயா தடவினா. வீக்கம் வடியும்னு.

— மதினிக்கு எதுக்கெடுத்தாலும் வேப்பெண்ணெய்தான். குட்டிங்க எங்க? வந்ததுலேருந்து பாக்குறேன், ஒரு சத்தத்தையும் காணோம்.

— குடுத்தாச்சு.

— எதக் குடுத்த?

— மூணையுந்தான். பஜார்ல ஒருத்தர் கேட்டாரு.

— மூணையும் ஒரே நாள்லயா?

— ஆமாம்மா. சேத்துக் கேட்டாரு.

— அடப்பாவி அண்ணே! மொத நா வரைக்கும் மூணு வாய் முட்டி முட்டிக் குடிச்ச மடி. மறுநா ஒரு வாய்கூட இல்ல. அது எங்க போய்ச் சொல்லும்? கத்துச்சா?

— கத்துச்சா மட்டுமா? மாடி வீட்டு வங்காளிக்காரம்மா சந்தியா பௌதி அங்கேருந்து சண்டைக்கே வந்துட்டாங்க. பிள்ளைங்க படிக்க வேணாமா, ஒங்க ஆட்ட ஏதாவது பண்ணுங்கன்னு. விஜயாவுக்கும் பாவமா இருந்துச்சு. சரி, கறந்துவிட்டா அடங்கும்னு ஒட்டக் கறந்தோம். அடங்குச்சு. அப்புறம் மறுபடி கட்டிக்கிச்சு, மறுபடி கறந்தோம்.

— ஒட்டக் கறந்தா மடி என்னத்தண்ணே நெனைக்கும்? குட்டி இன்னும் குடிக்குதுன்னுதான் நெனைக்கும். இன்னும் ஊறும். இறுக்கம் தாங்க முடியாம போனா கொஞ்சமா எடுத்து வலியத் தணிக்கணும், காலி பண்ணக் கூடாது. அப்பத்தான் போதும் போலருக்குன்னு அதுவா வத்தும். ஒனக்கு இத நான் சொல்லித்தரலையா? புண்ணாக்கு நிறுத்தினியா?

— பாவம், கத்துதேன்னு விஜயா ரெண்டு கை சேத்துப் போட்டா.

— நல்லா இருக்கு போ! பால் வத்தணுங்கிற ஆட்டுக்குப் புண்ணாக்கு. வயித்துல அடுத்தது வேற வளருது. தீனியக் கொறச்சு, காஞ்ச தழையும் வைக்கோலுமாப் போட்டு, தண்ணிய மட்டும் தாராளமா வைக்கணும். பச்சப்புள்ளையும் செய்யும் இந்த வேலைய. அப்புறம் என்ன, கறக்குறதையும் பட்டுனு நிறுத்திட்டீங்களா?

— நேத்துலேருந்து நேரமே இல்ல.

— அப்படி என்ன வேலை?

— வீட்டுல கொஞ்சம் சாமான் ஒதுங்க வைக்கிற வேலை.

— ஆடி மழையில சாமான் ஒதுக்குறாங்களாம். வலை எங்க?

— எந்த வலை?

— எந்த வலையா? ஒன் கையால கட்டின கம்பிவலைதான். இந்தா, இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவுல இருந்துச்சே. ஆணி கூட அப்படியே இருக்கு.

— அவுத்துக் குடுத்துட்டேன். இரும்புக்காரன் கேட்டான்.

— மொத தடவ சுட்டி குட்டி போட்டப்ப நான் சொன்னதெல்லாம் மறந்து போச்சாக்கும்?

— மறக்கல கிருஷ்ணம்மா.

— எங்க, சொல்லு பாப்போம்.

— இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?

— சொல்லுண்ணே. சொன்னாத்தான் அடுத்த தடவையாவது செய்வ.

— குட்டிங்க தழை தின்னப் பழகின பெறகுதான் ஆரம்பிக்கணும். மொதல்ல பகல்ல மட்டும் வலைக்கு அந்தப் பக்கம் விடணும். பாக்கலாம், மோந்துக்கலாம், குடிக்க முடியாது. ராத்திரி சேத்து விடணும். அப்புறம் ராத்திரியும் அந்தப் பக்கமே. தாயி கண்ணு முன்னாடி இருக்கிறதால ரெண்டும் ரொம்பக் கத்தாது. அப்புறம் குட்டியக் கொஞ்சம் தள்ளிக் கட்டணும். அப்புறம் இன்னும் தள்ளி. கடைசியா சத்தம் கேக்காத எடத்துக்கு.

— அட, பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் ஒப்பிக்கிற! இவ்வளவு தெரிஞ்சும் ஏண்ணே இந்த வாயில்லாத ஜீவனுக்கு இப்படிச் செஞ்ச?

— அவசரமாப் போச்சும்மா.

— பேரு மட்டும் உத்தமன். நில்லுடி சுட்டி, முடிஞ்சிருச்சு. கோபு எங்க? நான் கொட்டகைக்குள்ள காலு வச்சா ஓடியாந்து சுட்டி கழுத்தக் கட்டிக்குவானே.

— அபினவ் தூங்குறான்.

— பள்ளிக்கூடத்துலதான் அபினவ்வு. எனக்குக் கோபுதான். அவங்கப்பா, வயித்துல இருக்கையிலேயே வச்ச பேரு. மஞ்சக்காமாலையில கண்ணு ரெண்டும் மஞ்சளாக் கெடந்தப்பவும் "கோபுவப் பத்தரமா பாத்துக்க"ன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. எந்திரிச்சதும் சொல்லு, சீடை வாங்கியாந்திருக்கேன். போன தடவ வந்தப்ப என் முந்தானைய மோந்து பாத்துட்டு, "அத்தை, ஒங்க மேல இட்லி வாசம்"னான். அப்புறமும் மூஞ்சிய எடுக்கவே இல்ல. மதினி வந்து இழுத்துக்கிட்டுப் போனா.

— ஹோம்வர்க் இருந்துச்சும்மா.

— எப்பத்தான் இல்ல? சரி, அந்தப் பேச்சு எதுக்கு. ரோத் தேர்த் திருவிழா முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்னு போன தடவையே சொல்லிட்டேன். ரோத்தும் முடிஞ்சிருச்சு. மெஸ்ஸுக்குப் பின்னாடி ரூம் பேசிட்டேன். சின்னதுதான், ஆனா ஜன்னல் இருக்கு. பக்கத்துலயே ஸ்கூலு. ஞாயித்துக்கிழமை வரலாம்னு இருந்தேன். நீ இன்னிக்கே கூப்புட்டுட்ட. சுட்டிய டாக்டர்கிட்ட ஒப்படைச்சுட்டு என் பிள்ளையக் கையோட கூட்டிட்டுப் போறேன்.

— மழையா இருக்கேம்மா.

— நனைஞ்சா தொவட்டிவிடுவேன்.

— அவனுக்கு இங்கதான் பழக்கம், கிருஷ்ணம்மா. எங்களத்தான் அப்பா அம்மாங்கிறான். ஒன்ன அத்தைங்கிறான்.

— யார் சொல்லிக்குடுத்தது? அவனா கண்டுபுடிச்சானா? "ஊரு ஒரு மாதிரி பேசும், ஸ்கூல்ல கேப்பாங்க, இப்போதைக்கு அத்தைன்னே கூப்புடட்டும்"னு சொன்னது யாரு? நீயி. தலைய ஆட்டினது நான், மடச்சி.

— நீதானே சொன்ன? ஒங்க பிள்ளையா வளத்துக்கோங்கன்னு நீதானே சொன்ன?

— டெங்குல கெடந்தப்ப சொன்னேன். நான் செத்துப்போனா ஒங்க பிள்ளையா வளத்துக்கோங்கன்னேன். நான்தான் சாகலையே அண்ணே. அது ஒங்க ரெண்டு பேருக்கும் ஏமாத்தமாப் போச்சோ என்னமோ.

— ஏன்மா இப்படியெல்லாம் பேசுற?

— வேற எப்படிப் பேச? கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா. இந்த வேப்பெண்ணெயக் கழுவி, துணிய நனைச்சு ஒத்தடம் குடுத்தா இதுக்கு எதமா இருக்கும். இரு, ஒனக்குக் கேஸ் பத்த வைக்கத் தெரியாது, நானே உள்ள போறேன்.

— வேணாம்! நீ இங்கயே இரு. நான் வச்சு எடுத்தாறேன்.

— மதினி எங்க? நான் வந்து இவ்வளவு நேரமாச்சு. டீ வேணாம், எட்டிக்கூடப் பாக்கலையே.

— காளிகாட் போயிருக்கா.

— இந்த மழையிலயா? பிள்ளையத் தனியாத் தூங்கப் போட்டுட்டா?

— இல்ல, அவனையும் கூட்டிக்கிட்டுத்தான்.

— இப்பத்தானே தூங்குறான்ன.

— அதில்லம்மா...

— தூங்குறவன் எப்படிண்ணே காளிகாட் போனான்? ஏன் கதவு பூட்டியிருக்கு? வாசல்ல அவன் செருப்பக் காணோம். நீலக் கலர், நான் வாங்கிக் குடுத்தது. கொடியில ஒரு துணி இல்ல. சாமான் ஒதுங்க வச்சோம்ன. குட்டிங்களக் குடுத்துட்டோம்ன. வலையக் குடுத்துட்டோம்ன. அண்ணே, என் மூஞ்சியப் பாரு. என் பிள்ளை எங்க?

— வண்டியில.

— எந்த வண்டியில?

— சென்னை வண்டி. மத்தியானம் ஷாலிமார் ஸ்டேஷன்ல ஏத்திவிட்டேன். அங்கேருந்து விருதுநகர். விஜயா தம்பி வீட்டுக்கு. ஸ்கூல் எல்லாம் பேசியாச்சு. வீட்ட ஒப்படைச்சுட்டு நானும் போயிருவேன். வேலைய விட்டுட்டேன்மா.

— நீ போன் பண்ணினப்ப பின்னாடி ஒரே எரைச்சலா இருந்துச்சு. என்னண்ணே சத்தம்னு கேட்டேன். டாக்ல வேலையா நிக்கிறேன்ன.

— ஸ்டேஷன்லதான் நின்னேன்.

— என் பிள்ளைய ஏத்தி அனுப்பிட்டு, அங்க நின்னுக்கிட்டே "சுட்டிக்கு மடி வீங்கிருச்சு"ன்னு எனக்கு போன் பண்ணியிருக்க.

— ஒக்காரு கிருஷ்ணம்மா. என் கையப் புடிச்சுக்க.

— தொடாத! ஒன் கையால என்னத் தொடாத. ஒரு வார்த்தை, அண்ணே. கூட்டிட்டுப் போறேன்னு நான் சொன்ன அன்னைக்கே "தர மாட்டோம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கத்தியிருப்பேன், ஒன் சட்டையப் புடிச்சிருப்பேன், அலிப்பூர் கோர்ட்டு வாசல்ல போய் நின்னிருப்பேன்.

— அதுக்குத்தான் சொல்லல. ஒன்ன நோகடிக்கக் கூடாதுன்னுதான் பாத்துப் பாத்துச் செஞ்சேன். சத்தியமா. அவனும் அழக் கூடாது, நீயும் அழக் கூடாதுன்னு.

— என்னத்தப் பாத்துப் பாத்துச் செஞ்ச?

— விஜயாவால அவன விட முடியாதும்மா. அவளுக்கு வேற ஒண்ணும் இல்ல. எனக்கு நீயும் வேணும், அவளும் வேணும். என்ன செய்யன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் நீ குட்டிங்களுக்கு அந்த வலையக் கட்டச் சொன்ன.

— சொல்லு.

— பட்டுனு பிரிக்கக் கூடாது, படிப்படியாத்தான் பால் மறக்கடிக்கணும்னு நீதானே சொன்ன? அன்னைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

— அடேய்.

— திட்டு. நல்லாத் திட்டு.

— "நீ அசந்து தூங்கு கிருஷ்ணம்மா, பையன் ராத்திரி எங்க ரூம்ல படுக்கட்டும்"ன. அது மொத வலை. அப்புறம் புட்டிப்பாலு. வேப்பெண்ணெய் பாட்டிலக் கொண்டாந்து, "தடவிக்கடி, பையன் தானா விட்டுருவான்"னா மதினி. என் கையாலயே தடவிக்கிட்டேன். அவன் வாய வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தான் பாரு, அதக் கட்டையில போறப்பவும் மறக்க மாட்டேன். மூணு நாளு மாரு கட்டிக்கிட்டு, காய்ச்சலோட இந்தக் கொட்டகையில வந்து ஒக்காந்து பீச்சிவிட்டேன். இதே எடத்துல. அப்புறம் "உள்ள புழுக்கமா இருக்கு, நீ பின்கட்டு ரூம்ல படுத்துக்க." அப்புறம் லேக் மார்க்கெட் மெஸ்ஸுல வேலை. நல்ல எடம், தங்கவும் வசதி, சோறும் உண்டுன்னு நீயே கூட்டிட்டுப் போய் விட்ட. மொதல்ல வாராவாரம் வா. அப்புறம் பரீட்சை, அப்புறம் காய்ச்சல், மாசம் ஒருக்க வா. நான் சொல்லித்தந்த முறைய ஒண்ணு விடாமச் செஞ்சிருக்க. ஆட்டுக்குத்தான் செய்யல!

— நீ கத்தவே இல்லையேம்மா. நல்லபடியா ஆறிடுச்சுன்னுதான் நெனைச்சேன்.

— கத்தலையா? பக்கத்துல இருக்கான், பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம், இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குக் கெடைப்பான்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். சுட்டியும் அப்படித்தான் நின்னிருக்கும் அந்த வலையில மூஞ்சிய வச்சுக்கிட்டு. பால் மறந்துருச்சு, குட்டியையும் மறந்துருச்சுன்னு நாமதான் சொல்லிக்கிட்டோம். பால்தான் வத்தும். சே, நான் யார்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்!

— நான் அங்க போனதும் போன் போட்டு ஒன்னோட பேச வைக்கிறேன். வீடியோல பாக்கலாம்.

— இன்னொரு வலை.

— அப்படிச் சொல்லாத.

— விருதுநகர் எங்கேயோ கண்காணாத சீமையிலயா இருக்கு? நான் வருவேன். நாளைக்கே வருவேன். மதினி தம்பி வீட்டு வாசல்ல நின்னு ஊரக் கூட்டுவேன். ஒங்கள மாதிரி மெல்ல மெல்ல இல்ல, பட்டுனு பிரிப்பேன்.

— வந்து? அவன் ஒங்கூட வர மாட்டான்மா. நெசமாத்தான் சொல்றேன். "அத்தை எதுக்கு என்ன இழுக்குறாங்க"ன்னு விஜயா பின்னாடி போய் ஒளிஞ்சா நீ தாங்குவியா?

— நில்லுடி சுட்டி. கிண்ணத்தத் தட்டிராத.

— தாங்க மாட்ட. அதான் சொல்றேன். இப்படியே விட்டுரு.

— சரிண்ணே, நீ ஒண்ண மட்டும் வெளங்கச் சொல்லு. ஏத்தி அனுப்பியாச்சு. நீயும் ரெண்டு நாள்ல ஓடிருவ. சுட்டி இருந்தா என்ன, செத்தா என்ன ஒனக்கு? நான் ஞாயித்துக்கிழமை வந்து பூட்டின கதவ முட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அப்புறம் எதுக்கு எனக்கு போன் பண்ணின? என் கையால ஆட்டுக்கு வைத்தியம் பாக்க வச்சு, இத எங்கிட்ட நேர்ல சொல்லி, நான் துடிக்கிறதப் பாக்கணும்னு ஆசையா?

— இல்ல.

— பின்ன என்னத்துக்கு? சொல்லு! ஆளக் கொன்னுட்டு ஆட்டுக்கா பாவம் பாத்த?

— நான் பாக்கல. பையன்தான் பாத்தான்.

— என்ன?

— ரெண்டு நாளா அவன் சோறே திங்கல. சுட்டி கத்தக் கத்த இவனும் கூட அழுதான். இன்னிக்கு வண்டி நகர்றப்ப ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஒரே கத்து. "சுட்டிக்கு வலிக்குதுப்பா, கூப்புடுங்க, இப்பவே போன் போடுங்க"ன்னு. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் கைய விட்டான். அதான் அங்கேயே நின்னு ஒனக்குப் போட்டேன்.

— என்னையா கூப்புடச் சொன்னான்? அத்தையக் கூப்புடுங்கன்னா?

— அத்தைன்னு சொல்லல.

— பின்ன?

— "அம்மாவக் கூப்புடுங்கப்பா"ன்னான். விஜயா மடியில ஒக்காந்துக்கிட்டுத்தான் சொன்னான்.